மயில் எத்தனை இடத்தில் இருக்கிறது? சொல்தேடல் புதிருக்கு ஒரு சின்ன நிரல்

மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. அதோடு ஒரு சிறுவர் இதழுக்கு மாதாமாதம் சொல்தேடல் புதிர் போட்டுக் கொடுக்கிறேன். கட்டத்தில் சொற்களைப் பதிப்பேன், மிச்சக் கட்டங்களில் வாய்க்கு வந்த எழுத்தை நிரப்புவேன், அனுப்பிவிடுவேன். ஒரு மாதம் அஞ்சலட்டை ஒன்று வந்தது. பென்சில் கையெழுத்து. "மாமா, மயில் ரெண்டு இடத்துல இருக்கு. எதுக்கு வட்டம் போடணும்?"

எடுத்துப் பார்த்தேன். இருந்தது. நான் பதித்தது மேலிருந்து கீழாக ஒன்று. மூலைவாட்டில் இருந்த இன்னொன்று நான் பதித்ததே இல்லை. நிரப்பிய எழுத்துகள் தாமாகக் கூடி உண்டாக்கிக்கொண்டது. மாதச் சம்பளத்துக்குப் பிழை பார்க்கிற ஆளின் பிழையைப் பிடித்தது ஒரு குழந்தை.

இனி அனுப்புமுன் கணினியையே ஒருமுறை தீர்க்கச் சொல்லலாம் என்று அன்று ராத்திரி உட்கார்ந்தேன். நாற்பது வயதுக்கு மேல் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டவன் நான், கைவேகம் குறைவு. ஆனாலும் நிரல் நாற்பது வரியைத் தாண்டவில்லை. தேடுகிற பகுதி அரைமணியில் முடிந்தது. தமிழ் எழுத்து என்றால் என்ன என்று கணினிக்குப் புரியவைக்கத்தான் இரண்டு ராத்திரி போனது. அதனால் இங்கேயும் அதற்குத்தான் இடம் அதிகம்.

முதலில் தேடும் வழி. கட்டத்தின் ஒவ்வொரு அறையிலும் நில். அங்கே இருப்பது சொல்லின் முதல் எழுத்தா? ஆமென்றால் எட்டுத் திசையிலும் ஒவ்வொன்றாக நடந்து பார். அடுத்த எழுத்து பொருந்தும்வரை நட, பொருந்தாவிட்டால் அந்தத் திசையை விட்டுவிடு. சொல்லின் கடைசி எழுத்துவரை பொருந்தினால் கிடைத்துவிட்டது. நாம் விரலை வைத்துக்கொண்டு செய்வதும் இதுதான். நமக்கு அலுத்துவிடும், அதற்கு அலுக்காது.

பரிசோதிக்க ஒரு குட்டிக் கட்டம்:

ம யி ல் கா ட
த யி ப க றா
கு க் கொ ம் வி
நா ல சி கை ளி
மை தா ரு க் கி

தேட வேண்டியவை: மயில், குயில், காகம், கொக்கு, கிளி. கண்ணாலேயே பார்த்துவிடலாம். விடை நமக்கு முன்பே தெரிந்திருக்கிற கட்டத்தில் ஆரம்பிப்பதுதான் நல்லது. நான் நேராக 15-க்கு 15 கட்டத்தில் குதித்தேன். நிரல் ஓடியது, பிழைச் செய்தி எதுவும் இல்லை, பன்னிரண்டு சொல்லில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. தவறு நிரலிலா, கட்டத்திலா, சொல்பட்டியலிலா என்று தெரியாமல் மூன்றையும் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருந்தேன்.

காரணம் இதுதான். 'மயில்' என்பது நமக்கு மூன்று எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் ஐந்து என்கிறது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் 'யி' என்று தனியாக ஓர் எழுத்து கிடையாது. 'ய' ஒரு குறி, அதன் மேல் ஒட்டும் கொக்கி இன்னொரு குறி. 'ல்' என்பதும் 'ல', புள்ளி என இரண்டு. ஆக ம, ய, கொக்கி, ல, புள்ளி. என் நிரல் கட்டத்தில் 'ம' இருக்கும் அறையைப் பிடித்தது, பக்கத்தில் வெறும் 'ய' இருக்கிறதா என்று பார்த்தது. அங்கே இருந்ததோ 'யி'. திரும்பி வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் 247 எழுத்து என்று படித்தோம்: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 128 இடம், 2944 முதல் 3071 வரை. அதிலும் பல இடங்கள் காலி. உயிர்மெய்களை அது அகர வரிசை எழுத்தோடு துணைக்குறியை ஒட்டித்தான் எழுதுகிறது. மெய்யும் அப்படியே, அகரத்தோடு புள்ளி. இலக்கணம் இதைத் தலைகீழாகச் சொல்லும். மெய்தான் உடல், அதில் உயிர் ஏறி உயிர்மெய். அந்தச் சண்டையை இங்கே தீர்க்க முடியாது. நமக்கு வேண்டியது குறிகளைத் திரும்ப எழுத்தாகக் கூட்டுகிற ஒரு ஃபங்ஷன், அதாவது பெயர் வைத்த ஒரு துண்டு நிரல்.

பைத்தானின் கட்டளைச் சொற்களைத் தமிழாக்கி எழுதுகிறேன், வரிக்கு வரி மாற்றிக்கொள்ளலாம். மாறிகளின் பெயரை மாற்றவே வேண்டாம்; பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும்.

எழுத்தாகப்_பிரி (சொல்):
    எழுத்துகள் = வெற்று லிஸ்ட்
    சொல்லில் உள்ள ஒவ்வொரு குறிக்கும்:
        எண் = குறியின் யூனிகோடு எண்
        எண் 3006 முதல் 3021-க்குள் இருந்தால், அல்லது 3031 என்றால்:
            எழுத்துகளில் கடைசியாக இருப்பதோடு குறியை ஒட்டு
        இல்லாவிட்டால்:
            குறியைப் புதிய எழுத்தாகச் சேர்
    எழுத்துகளைத் திருப்பிக் கொடு

3006 என்பது கால், 3021 என்பது புள்ளி. மற்றத் துணைக்குறிகள் எல்லாம் இடையில் அடங்கிவிடும். 3031 ஔகாரத்தின் பின்பாதி, தனியே ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. ஆய்தம் 2947-இல் தனி எழுத்தாகவே இருப்பதால் 'எஃகு' சரியாக மூன்றாகப் பிரியும். கையால் எழுத அலுப்பாக இருந்தால் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது, எழுத்தாகப் பிரிக்கும் ஃபங்ஷன் அதில் உண்டு. ஒருமுறையாவது நீங்களே எழுதிப் பாருங்கள் என்பேன். ஒன்பது வரிதான், பிறகு எங்கே உதைத்தாலும் காரணம் புரியும்.

'க்ஷ' மட்டும் இதில் 'க்', 'ஷ' என்று இரண்டாகும். என் கட்டங்களில் ரிக்ஷாவை ரி, க், ஷா என மூன்று அறையில்தான் போடுகிறேன், அதனால் அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் ஒரே அறையில் போடுகிறவர் என்றால், முந்தைய எழுத்து 'க்' ஆகவும் இப்போதைய குறி 'ஷ' ஆகவும் இருந்தால் ஒட்டு என்று ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரிக்கிற வேலையைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒவ்வொரு வரிசையையும் ஒரே சரமாக ஒட்டி, சொல் அதற்குள் இருக்கிறதா என்று பைத்தானையே கேட்டுவிட்டால் என்ன? ஆங்கிலப் புதிருக்கு இது ஓடும். தமிழில் 'பல்' என்ற எழுத்துகளுக்குள் 'பல' இருக்கிறதா என்று கேட்டால் 'இருக்கிறது' என்று சொல்லும். புள்ளி பின்னால் நிற்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. வலமிருந்து இடமாகத் தேடச் சரத்தைத் திருப்பிப்போட்டால் இன்னும் வேடிக்கை. 'விகடகவி' எந்தப் பக்கம் படித்தாலும் விகடகவி. பைத்தானில் திருப்பிப் பாருங்கள்: முதலில் அநாதையாக ஒரு கொக்கி, அப்புறம் வ, க, ட, கி, வ. கடைசி எழுத்தின் கொக்கி தலைக்கு வந்துவிட்டது, முதல் எழுத்தின் கொக்கி பக்கத்து 'க' மேல் ஏறிக்கொண்டது. எழுத்தாகப் பிரித்த லிஸ்டைத் திருப்பினால் இந்தக் கூத்து இல்லை.

அடுத்த பொறி 'கொக்கு'. மற்ற நான்கு பறவையும் கிடைத்த பிறகு இது மட்டும் அடம்பிடித்தது. கட்டத்தில் 'கொ', பட்டியலில் 'கொ', திரையில் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்று. பைத்தான் இரண்டும் வேறு என்றது. ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றைக் குறியாக, 3018, அல்லது ஒற்றைக்கொம்பு 3014-ஐயும் கால் 3006-ஐயும் அடுத்தடுத்து. எனக்கு வந்த சொல்பட்டியல் வேறொருவர் வேறு ஏதோ மென்பொருளில் அடித்தது, அதில் இரண்டாவது விதம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. மருந்து சுலபம்: பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுப்பில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. கட்டத்தையும் பட்டியலையும் உள்ளே எடுத்தவுடன், எழுத்தாகப் பிரிக்கும் முன்பே, அதன் வழியாக என்.எஃப்.சி. என்ற கூட்டிய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டும் 3018 ஆகிவிடும்.

ஆள் தப்பாக அடித்ததை அது சரிசெய்யாது. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு 'ள' அடிப்பவர்கள் எண்ணற்றோர். 'கௌதாரி' அப்போது கெ, ள, தா, ரி என நான்காகும். உயிரெழுத்து 'ஔ' என்பதை 'ஒ', 'ள' என அடிப்பதும் இதே ரகம். தமிழ் எண் ௧-ஐ 'க' என்று நினைத்து எங்கிருந்தோ வெட்டி ஒட்டியவரையும் பார்த்திருக்கிறேன். இதற்காக என் நிரல் ஒரு வேலை செய்கிறது: கட்டத்தில் வரும் ஒவ்வொரு எழுத்தையும் 247-உம் கிரந்தமும் கொண்ட பட்டியலோடு ஒப்பிட்டு, இல்லாததை வரிசை எண்ணோடு சொல்லிவிடும். கொம்பும் 'ள'வும் இதில் மாட்டாது, இரண்டுமே முறையான எழுத்துகள்தானே. அதைப் பிடிக்க மெய்ப்புக்காரன் கண்தான் வேண்டும்.

கட்டத்தை எப்படி உள்ளே கொடுப்பது? சாதாரண உரைக் கோப்பு, வரிசைக்கு ஒரு வரி, எழுத்துக்கு நடுவில் ஓர் இடைவெளி, மேலே காட்டியதுபோல. இடைவெளியில் வெட்டினால் அறைகள் தானாக வந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் அறைகளின் எண்ணிக்கை சமமா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள், ஓர் எழுத்து விடுபட்டாலே மூலைவாட்டுச் சொற்கள் எல்லாம் சிதறிவிடும். கோப்பைத் திறக்கும்போது யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் குறியீடான யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். விண்டோஸில் சொல்லாமல் விட்டால் பைத்தான் வேறு குறியீட்டில் படித்துக் குப்பையைக் கொடுக்கலாம். நோட்பேடில் சேமித்த கோப்பின் தலையில் சில சமயம் 65279 என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கும். அது முதல் அறையின் 'ம' மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால் மயில் போச்சு. படிக்கும்போது குறியீட்டின் பெயரை யூ.டி.எஃப்-8-சிக் என்று கொடுத்தால் அது உதிர்ந்துவிடும். இணையத்தில் வெட்டி ஒட்டிய சொற்களில் 8204, 8205 என்ற இரண்டு கண்காணாக் குறிகளும் வரும். அவற்றையும் நீக்கிவிடுங்கள்.

புதிரைப் படம் பிடித்து படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரியிடம் கொடுக்கலாமே என்பார்கள். செய்து பார்த்தேன். கால் குறியையும் 'ர'வையும் மாற்றி மாற்றிப் படித்தது. சொல்லுக்குள் என்றால் சூழலை வைத்து ஊகிக்கலாம், தனித்தனி எழுத்தாக நிற்கும் கட்டத்தில் ஊகிக்க என்ன இருக்கிறது? கையால் அடிப்பதே வேகம்.

இனித் தேடல். திசை என்பது இரண்டு எண்: வரிசை எத்தனை நகர வேண்டும், பத்தி எத்தனை நகர வேண்டும். வலது என்றால் (0, 1), இடது (0, -1), கீழ் (1, 0), மேல் (-1, 0). மூலைவாட்டுகள் (1, 1), (1, -1), (-1, 1), (-1, -1). எட்டையும் ஒரு லிஸ்டில் வையுங்கள். திசைக்கு ஒரு ஃபங்ஷன் என்று எட்டு ஃபங்ஷன் எழுதினால் எட்டு இடத்தில் பிழை திருத்த வேண்டியிருக்கும்.

தேடு (கட்டம், சொல்):
    எழுத்துகள் = எழுத்தாகப்_பிரி (சொல்)
    கண்டவை = வெற்று லிஸ்ட்
    ஒவ்வொரு வரிசை வ-வுக்கும், ஒவ்வொரு பத்தி ப-வுக்கும்:
        ஒவ்வொரு திசை (வந, பந)-வுக்கும்:
            தடம் = வெற்று லிஸ்ட்
            எழுத்துகளில் 0 முதல் ஒவ்வொரு இடம் இ-க்கும்:
                வ2 = வ + இ × வந
                ப2 = ப + இ × பந
                வ2, ப2 கட்டத்துக்கு வெளியே என்றால்: நிறுத்து
                கட்டம்[வ2][ப2] பொருந்தாவிட்டால்: நிறுத்து
                தடத்தில் (வ2, ப2) சேர்
            தடத்தின் நீளம் = எழுத்துகளின் எண்ணிக்கை என்றால்:
                கண்டவையில் தடத்தைச் சேர்
    கண்டவையைத் திருப்பிக் கொடு

மயிலைப் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் அறையில் 'ம'. வலது பக்கம் யி, ல், கிடைத்தது. நிரல் அதோடு நிற்காது, மற்றத் திசைகளையும் பார்க்கும். கீழே 'த', ஆகாது. மூலைவாட்டில் இரண்டாம் வரிசையில் ஒரு 'யி' இருக்கிறது! அடுத்த அடி 'கொ'வில் முட்டி நின்றுவிடும். அங்கே மட்டும் நான் ஒரு 'ல்' நிரப்பியிருந்தால் இரண்டாவது மயில் பிறந்திருக்கும். என் இதழில் நடந்ததும் இப்படித்தான். முதலில் கிடைத்தவுடன் நிறுத்திவிடும்படி எழுதிய நிரல் புதிரைத் தீர்க்கும், புதிரைச் சரிபார்க்காது. அதனால்தான் கண்டவை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன்.

'கட்டத்துக்கு வெளியே என்றால் நிறுத்து' என்ற வரியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கட்டாயம் ஒருமுறை பாருங்கள். கட்டத்தின் வலது பக்கமோ கீழ்ப்பக்கமோ தாண்டினால் பைத்தான் பிழைச் செய்தி கொடுத்து நின்றுவிடும், தெரிந்துவிடும். மேலே தாண்டினால் நிற்காது. வரிசை எண் -1 என்றால் பைத்தானுக்குக் கடைசி வரிசை என்று பொருள். மேலுள்ள கட்டத்தில் 'காக்கை'யைத் தேடச் சொல்லுங்கள். முதல் வரிசையில் 'கா'. மேல்நோக்கி ஓர் அடி வைத்தால் -1, அதாவது கடைசி வரிசை, அங்கே 'க்'. இன்னோர் அடி -2, அங்கே 'கை'. காக்கை கிடைத்துவிட்டது என்று நிரல் சாதிக்கும். காகிதத்தை உருளையாகச் சுருட்டினால் அதுவும் உண்மைதான். வ2, ப2 இரண்டும் 0-க்குக் குறையக் கூடாது, வரிசைகளின் எண்ணிக்கையையும் பத்திகளின் எண்ணிக்கையையும் எட்டக் கூடாது. நான்கு நிபந்தனையும் வேண்டும்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 15-க்கு 15 கட்டத்தில் 225 அறை, எட்டுத் திசை, சொல்லுக்கு 1,800 புறப்பாடு. இருபது சொல் என்றாலும் 36,000. அதிலும் பெரும்பாலானவை முதல் எழுத்திலேயே திரும்பிவிடும். ஆங்கிலத்தில் 225 அறையை 26 எழுத்துக்குப் பங்கிட்டால் எழுத்துக்கு எட்டு ஒன்பது தேறும். தமிழில் 247-க்குப் பங்கிட்டால் ஒன்றுகூடத் தேறாது. எல்லா எழுத்தும் சமமாக வராது என்றாலும், நம் கட்டத்தில் ஏமாற்று வழிகள் குறைவு. புதிர் போடுகிறவனுக்கு இது ஒரு தலைவலி. நம் சொற்கள் மெய்யில் தொடங்குவதில்லை, அதனால் கட்டத்தில் 'ம்' இருந்தால் அங்கே ஏதோ ஒரு சொல் முடிகிறது என்று குழந்தைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதனால் நிரப்பும்போது மெய்யெழுத்தையும் வேண்டுமென்றே அங்கங்கே தூவுகிறேன்.

எண்ணிக்கையில் ஒரு திருத்தம் தேவை. விகடகவியை வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை என இரண்டு தரம் எண்ணும். தீ, பூ, கை மாதிரி ஓரெழுத்துச் சொல்லைக் கொடுத்தால் நகரவே தேவையில்லாததால் எட்டுத் திசைக்கும் எட்டு விடை வரும். தடத்திலுள்ள அறைகளை வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். அதே அறைகள் என்றால் அதே விடை, ஒருமுறை எண்ணினால் போதும். ஓரெழுத்துச் சொல்லைப் புதிரில் போடுபவரை அதற்கு மேல் நிரலால் காப்பாற்ற முடியாது.

பட்டியலே தராமல், இருக்கும் சொற்களை எல்லாம் கண்டுபிடி என்கிற ரகத்துக்கு மரம்போல் கிளைக்கும் பெரிய தரவமைப்புகளைச் சிபாரிசு செய்வார்கள். தடம் வளைந்து வளைந்து போகிற போகிள் மாதிரி விளையாட்டுக்கு அது வேண்டும். இங்கே கோடுகள் நேர்கோடுகள். ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒவ்வொரு திசையிலும் மூன்று முதல் பதினைந்து எழுத்துவரை வெட்டினால், கட்டத்தைத் தாண்டுவதையும் சேர்த்து எண்ணினாலும் 23,400 துண்டுக்கு மேல் போகாது. அகராதிச் சொற்களைப் பைத்தானின் செட் என்ற தொகுப்பில் போட்டு, ஒவ்வொரு துண்டும் அதில் இருக்கிறதா என்று கேட்டால் தீர்ந்தது. இரண்டெழுத்துத் துண்டுகளை மட்டும் சேர்க்காதீர்கள். கல், பல், தலை, மலை என்று கட்டம் முழுக்கக் கொட்டும்.

இப்போது என் நிரல் கடைசியில் இரண்டு விஷயம் அச்சிடுகிறது. ஒன்று, சொல்லும் எத்தனை முறை வந்தது என்பதும். ஒன்றைத் தவிர வேறு எண் வந்தால் நட்சத்திரக் குறி போடும். மற்றொன்று, எந்தத் தடத்திலும் படாத அறைகள் மட்டும், இடமிருந்து வலமாக. மேலே உள்ள குட்டிக் கட்டத்தில் ஐந்து பறவையும் பறந்த பிறகு மிஞ்சுவது: ட, த, ப, றா, வி, நா, ல, சி, கை, மை, தா, ரு, க். இந்த மிச்சத்தையே ஒரு வாக்கியமாக அமைத்து ஒளித்து வைக்கும் புதிர்கள் உண்டு. அடுத்த மாதக் கட்டத்தில் அந்த அஞ்சலட்டைக் குழந்தைக்கு ஒரு வரி பதில் அப்படித்தான் போயிருக்கிறது.